102-ஆம் எண்ணின் பாக்கி

ஆர்.ஓ. மெஷின்களைப் பராமரிக்கும் ஒரு சின்னக் கடையை எடுத்துக்கொள்வோம். முதலாளி, இரண்டு டெக்னீசியன்கள், போனும் கணக்கும் பார்க்க ஒரு பெண். உப்புத் தண்ணீர் வரும் எந்த ஊரிலும் இப்படி ஒரு கடை இருக்கும். 400 வீடுகள் அங்கே ஏ.எம்.சி. எனும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை 4,000 ரூபாய் கட்டிவிட்டால் ஃபில்டர் மாற்றுவது, கழுவுவது, பழுது பார்ப்பது எல்லாம் கடையின் பொறுப்பு. கணக்கு எக்செல்லில் இருக்கிறது. மேலிருந்து கீழாக வாடிக்கையாளர் பெயர்கள். இடமிருந்து வலமாக 2019, 2020, 2021 என்று ஆண்டுகள். ஏப்ரல் பிறந்தால் வலது ஓரத்தில் புதிதாக ஒரு நெடுவரிசை முளைக்கும்.

2024 ஜூலையில் ஒரு நாள் அந்தப் பெண் 102-ஆம் எண் வாடிக்கையாளரின் வரிசையைப் பார்த்துவிட்டுப் போன் செய்கிறார்.

“அம்மா, ஆர்.ஓ. சர்வீஸ்ல இருந்து பேசுறேங்க. போன வருஷத்துல ரெண்டாயிரம், இந்த வருஷத்துல ரெண்டாயிரம், மொத்தம் நாலாயிரம் பாக்கி காட்டுது.”

“போன வருஷத்துக்கு முழுசாக் கட்டியாச்சேம்மா! இந்த வருஷம் ஏ.எம்.சி. போடலாமா வேண்டாமான்னு நாங்க இன்னும் யோசிக்கவே இல்ல.”

இருவரில் யாரும் பொய் சொல்லவில்லை. எக்செல்லில் 2023-இன் கீழ் 2000 இருக்கிறது, 2024-இன் கீழும் 2000 இருக்கிறது. இரண்டும் உண்மையாகவே வந்த பணம். ஆனால் ஒருவர் கணக்கில் பாக்கி நாலாயிரம், இன்னொருவர் கணக்கில் ஒன்றுமே இல்லை. இதைத் தீர்க்கத் தேவையான தகவல் அந்தக் கட்டங்களில் இல்லை. பணம் எந்தத் தேதியில் வந்தது, ரொக்கமா வங்கி வழியாகவா, எந்தப் பில்லுக்காக வந்தது என்பதெல்லாம் ‘2000’ என்ற நான்கு இலக்கங்களாகச் சுருங்கும்போதே தொலைந்துவிட்டது.

கணினி வருவதற்கு முன் கடைகளில் இருந்த பேரேடு இந்தத் தவறைச் செய்யவில்லை. அதில் ஆளுக்கொரு பக்கம் உண்டு. பக்கத்தில் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் தனி வரி. வரியில் தேதி, விவரம், பற்று, வரவு. சித்திரை முதல் நாளிலோ ஆயுத பூசையிலோ மஞ்சள் தடவிப் பிள்ளையார் சுழி போட்டுப் புதுக்கணக்கு தொடங்கினாலும், பழைய நோட்டின் பாக்கி புது நோட்டின் முதல் வரியாக ஏறும். ஆண்டு மாறினால் நோட்டுதான் மாறும். வரி எழுதும் முறை மாறாது. இத்தாலியில் 1494-இல் லூக்கா பசியோலி அச்சில் விளக்கிய இரட்டைப் பதிவுக் கணக்கு முறைக்கும் இதுவே அடிப்படை: நடந்ததை நடந்த தேதியில் எழுது, கூட்டலைப் பிறகு பார்த்துக்கொள்.

எக்செல்லின் மூதாதையான விசிகால்க் 1979-இல் வெளிவந்தது. ஒரு எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எண்களெல்லாம் தாமாக மாற வேண்டும் என்ற ஆசையிலிருந்து டான் பிரிக்ளினும் பாப் ஃபிராங்ஸ்டனும் உருவாக்கியது அது. கணக்குப் போட்டுப் பார்ப்பதற்கு அதற்கு நிகரில்லை. ஆண்டாண்டுக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்வது வேறு வேலை. இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறைக்கு 2020 அக்டோபரில் நேர்ந்தது இதற்குச் சாட்சி. பழைய எக்செல் கோப்பு வடிவம் ஒரு தாளில் 65,536 வரிசைகளுக்கு மேல் ஏற்காது. மிஞ்சியவை சத்தமில்லாமல் உதிர, கிட்டத்தட்ட 16 ஆயிரம் கொரோனா தொற்றுப் பதிவுகள் அன்றாட எண்ணிக்கையில் சேராமல் விடுபட்டன.

நினைவில் வைக்கும் வேலைக்கென்று உருவானது டேட்டாபேஸ், அதாவது தரவுத்தளம். இன்று பரவலாகப் புழங்கும் தரவுத்தளங்களுக்கு வித்திட்டவர் இங்கிலாந்தில் பிறந்த எட்கர் காட். இரண்டாம் உலகப் போரில் விமானியாக இருந்த அவர், பிறகு அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்தபோது, 1970-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதற்கு முந்தைய தரவுத்தளங்களில் தகவல்கள் மரக்கிளைகளைப் போலத் தொங்கின. எந்தக் கிளை வழியாக இறங்கினால் எந்த இலை கிடைக்கும் என்று தெரிந்தவரால்தான் கேள்வி கேட்க முடியும். காட் அதை எளிய அட்டவணைகளாக்கினார். ஓர் உண்மை ஓர் இடத்தில் மட்டும் எழுதப்படும். அட்டவணைகளுக்கு நடுவே உறவு வேண்டுமானால் இரண்டிலும் ஒரே எண் இருந்தால் போதும். அந்த அட்டவணைகளிடம் கேள்வி கேட்க டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்சும் 1974-இல் வடித்த மொழிதான் எஸ்.க்யூ.எல். கணினியுலகின் மிகப் பெரிய விருதான டூரிங் விருது 1981-இல் காடுக்கு வழங்கப்பட்டது.

ஆர்.ஓ. கடைக்கு இந்த ஏற்பாட்டில் நான்கு அட்டவணைகள் போதும்.

முதலாவது வாடிக்கையாளர் அட்டவணை. ஒரு வாடிக்கையாளருக்கு ஒரே வரிசை: எண், பெயர், முகவரி, கைபேசி. இங்கே எண்தான் முக்கியம். தமிழ்நாட்டில் பெயரை நம்பிக் கணக்கு வைக்க முடியாது. தலைப்பெழுத்து முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை. ஒரு ரசீதில் கணவர் பெயர், மறு ரசீதில் மனைவி பெயர். ஒரே தெருவில் இரண்டு எஸ். முருகன். கைபேசி எண்ணும் மாறும். கடை தானே கொடுத்த 102 மட்டும் என்றைக்கும் மாறாது. வாடிக்கையாளர் விலகிப் போனாலும் அந்த எண்ணை இன்னொருவருக்குத் தரக் கூடாது.

இரண்டாவது பில் அட்டவணை. பில் எண், வாடிக்கையாளர் எண், ஒப்பந்தம் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, தொகை. மூன்றாவது வரவு அட்டவணை. பணம் வந்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு வரிசை: தேதி, தொகை, ரொக்கமா காசோலையா யு.பி.ஐ.யா, ரசீது எண். நான்காவது அட்டவணைதான் பலரும் விட்டுவிடுவது: பங்கீடு. எந்த வரவில் எவ்வளவு எந்தப் பில்லுக்குப் போனது என்பது அதில் இருக்கும். ஒருவர் 8,000 ரூபாயை ஒரே தடவையாக அனுப்பி, “பாதி எங்க வீட்டுக்கு, பாதி அம்மா வீட்டுக்கு” என்கிறார். வரவு ஒன்று, பங்கீடு இரண்டு. இன்னொருவர் ஒரே பில்லை மூன்று தவணையாகக் கட்டுகிறார். பில் ஒன்று, பங்கீடு மூன்று. நான்காவது அட்டவணை இல்லாத கடையில் இந்த இரண்டு பேர் கணக்கும் ஒருநாள் தகராறில்தான் முடியும்.

ஆண்டு என்ற நெடுவரிசை இந்த நான்கில் எதிலுமே இல்லை. மறந்துபோய் விட்டதல்ல. ‘ஆண்டு’ என்று ஒரு சொல்லாகச் சொன்னாலும் இந்தக் கடையில் அதற்கு மூன்று பொருள் உண்டு. 102-ஆம் வீட்டின் ஒப்பந்தம் 2023 ஜூன் 14-இல் தொடங்கி 2024 ஜூன் 13-இல் முடிகிறது. அது ஒப்பந்த ஆண்டு. வருமான வரிக்கும் ஜி.எஸ்.டி.க்கும் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை, அது நிதியாண்டு. சுவரில் தொங்கும் காலண்டரின் ஆண்டு மூன்றாவது. 2024 ஏப்ரலில் வந்த பணம் நிதியாண்டுப்படி 2024-25-ஐச் சேர்ந்தது. ஆனால் அது 2023 ஜூனில் தொடங்கிய ஒப்பந்தத்துக்கான பணமாக இருக்கலாம். எக்செல்லில் ‘2024’ என்று தலைப்பிட்டவர், மூன்றில் எதை நினைத்து எழுதினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

தேதி மட்டும் சரியாக இருந்தால் ஆண்டைக் கணினியே கணக்கிட்டுவிடும். மாதம் 4 அல்லது அதற்கு மேல் என்றால் நிதியாண்டு அந்த ஆண்டிலேயே தொடங்கியது. 1, 2, 3 என்றால் முந்தைய ஆண்டில் தொடங்கியது. நினைவில் வைக்க வேண்டிய விதி இது ஒன்றுதான். நிதியாண்டு வாரியாகவும் ஒப்பந்த ஆண்டு வாரியாகவும் ஒரே வரவுகளைப் பிரித்துக் காட்டச் சொல்லலாம். எதையும் திருத்தி எழுத வேண்டியதில்லை.

தேதி சரியாக இருப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. 03/04/2024 என்று தட்டினால் நமக்கு அது ஏப்ரல் 3. அமெரிக்க முறையில் அமைக்கப்பட்ட கணினிக்கோ மார்ச் 4. ஒரு மாதப் பிழைதானே என்று விட முடியாது. இடையில் மார்ச் 31 இருப்பதால் பணம் நிதியாண்டையே தாண்டிக் குதித்துவிடும். ஆண்டு முதலில், பிறகு மாதம், பிறகு நாள் என 2024-04-03 என்று எழுதச் சொல்லும் ஐ.எஸ்.ஓ. 8601 தரம் இந்தக் குழப்பத்துக்கு இடமே வைப்பதில்லை. பணத்திலும் இதுபோல ஒன்று. கணினி பின்னங்களை இரண்டடிமான எண்களாக வைப்பதால், 0.1-உடன் 0.2-ஐக் கூட்டினால் பல நிரல்மொழிகளில் விடை 0.30000000000000004 என்று வரும். அதனால் தொகையைப் பைசாக் கணக்கில் முழு எண்ணாகவோ, பணத்துக்கென்றே தனியாக உள்ள வகையிலோதான் சேமிக்க வேண்டும்.

நிதியாண்டு மொத்தம் தெரிந்திருப்பது அதிகாரிகளுக்காக மட்டுமல்ல. 400 வீடு, 4,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 16 லட்சம். தமிழ்நாட்டில் சேவை செய்யும் தொழில்கள் ஆண்டு விற்றுவரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்தாக வேண்டும். இன்னும் 100 வீடு சேர்ந்தால் கடை அந்த எல்லைக் கோட்டில் நிற்கும். அது தெரியாமல் தாண்டுவது ஆபத்து. பதிவு செய்த பிறகு பில் எண்ணுக்கும் விதி உண்டு: தொடர்ச்சியாக வர வேண்டும், ஒரு நிதியாண்டுக்குள் ஒரே எண் இரண்டு முறை வரக் கூடாது, 16 எழுத்துக்கு மிகக் கூடாது.

பணம் வந்துவிட்டது; வாடிக்கையாளருக்கோ பழைய பில் ஒன்றும் புதுப் பில் ஒன்றும் பாக்கி இருக்கின்றன. வந்ததை எதில் வரவு வைப்பது? பங்கீடு அட்டவணையை நிரப்பும்போது எழும் இந்தக் கேள்விக்கு 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 59, 60, 61 ஆகிய மூன்று பிரிவுகளில் பதில் வைத்திருக்கிறது. கொடுப்பவர் இன்ன கடனுக்கு என்று சொல்லிக் கொடுத்தால், வாங்கிக்கொண்டவர் அந்தக் கடனில்தான் வரவு வைக்க வேண்டும். கொடுப்பவர் சொல்லவும் இல்லை, சூழ்நிலையும் காட்டவில்லை என்றால், வாங்குபவர் தன் விருப்பப்படி வைக்கலாம். இருவருமே ஒதுக்காவிட்டால் பழைய கடன் முதலில். நாள்தோறும் கல்லாவில் நடக்கிற ஒரு காரியத்தை இவ்வளவு பொறுமையாக யோசித்து எழுதிய சட்டம் வியக்க வைக்கிறது.

டேலி பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. 1986-இல் ஷ்யாம் சுந்தர் கோயங்காவும் மகன் பரத் கோயங்காவும் தொடங்கிய நிறுவனத்தின் அந்த மென்பொருளில், பில்-வைஸ் கணக்கு வைத்தால், வரவு போடும் ஒவ்வொரு முறையும் அது கேட்கும்: நியூ ரெஃப்பா, அகெய்ன்ஸ்ட் ரெஃப்பா, அட்வான்ஸா, ஆன் அக்கவுண்டா? அவசரத்தில் எல்லாவற்றையும் ‘ஆன் அக்கவுண்ட்’ என்று தட்டிவிடும் பழக்கம் பல கடைகளில் இருக்கிறது. மொத்தம் சரியாக வரும். எந்தப் பில் தீர்ந்தது என்பது மட்டும் தெரியாது. 102-ஆம் எண்ணுக்கு நேர்ந்ததும் இதுதான்.

கம்பெனி வாடிக்கையாளர்கள் வந்தால் இன்னொரு நுணுக்கம் சேர்கிறது. ஒரு நிறுவனம் தன் அலுவலக மெஷின்களுக்கெல்லாம் சேர்த்து 1,20,000 ரூபாய்க்கு ஒப்பந்தம் போடுகிறது. கடை தனிநபர் தொழிலாக இருந்தால் அந்த நிறுவனம் 1 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக்கொண்டு 1,18,800 அனுப்பும். மீதி 1,200 கடைக்காரர் பெயரில் வருமான வரித் துறைக்குப் போய்விட்டது. வரவு அட்டவணையில் வங்கிக்கு வந்ததை மட்டும் எழுதினால் அந்த 1,200 என்றைக்கும் தீராத பாக்கியாகத் தொங்கும். ஆண்டுக்கு ஆண்டு கூடவும் செய்யும். டி.டி.எஸ். என்ற வகையில் இன்னொரு வரவு வரிசை போட்டால் பில் அங்கேயே நேராகிவிடும்.

காசோலை திரும்பி வந்தால் அந்த வரவை அழிக்கத் தோன்றும். அழிக்கக் கூடாது. அதே தொகையைக் கழித்தலாக, திரும்பிய தேதியில், புது வரிசையாக எழுத வேண்டும். மூன்று மாதம் கழித்து யாராவது கேட்டால், காசோலை வந்ததும் திரும்பியதும் இரண்டுமே தெரியும். சட்டப்படி பதிவான கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்தின் தடமும் பதிவாக வேண்டும் என்று 2023 ஏப்ரல் 1 முதல் விதியே இருக்கிறது. சின்னக் கடைக்கு அந்தக் கட்டாயம் இல்லாவிட்டாலும் அந்தப் பழக்கம் நல்லது. கொடுத்த கடனைக் கேட்டு வழக்குப் போடப் பொதுவாக மூன்று ஆண்டுதான் கெடு. இடையில் வந்த பகுதித் தொகைக்கு, கட்டியவரின் கையெழுத்துள்ள ஆதாரம் இருந்தால் அந்தத் தேதியிலிருந்து கெடு புதிதாகத் தொடங்கும். நீதிமன்றத்தில் கூட்டுத்தொகை பேசாது, தேதிதான் பேசும்.

பதிவு செய்தாகிவிட்டது, இனிக் கேள்வி கேட்கலாம். கடை முதலாளி கேட்கும் முதல் கேள்வி: “யார் யார் கட்டல?” எளிமையாகத் தோன்றும் இந்தக் கேள்விதான் பழகாதவரைத் தடுக்கி விழ வைக்கும். கட்டாதவருக்கு வரவு அட்டவணையில் வரிசையே கிடையாது. பில்லையும் வரவையும் சாதாரணமாக இணைக்கச் சொன்னால், இரண்டிலும் இருப்பவர்களை மட்டும் தரவுத்தளம் காட்டும். நாம் யாரைத் தேடுகிறோமோ அவரே பட்டியலிலிருந்து காணாமல் போவார். எனவே, “எல்லாப் பில்லையும் காட்டு, வரவு இருந்தால் பக்கத்தில் வை, இல்லாவிட்டால் வெறுமையாக விடு” என்று கேட்க வேண்டும். எஸ்.க்யூ.எல். பழகியவர்கள் இதை லெஃப்ட் ஜாயின் என்பார்கள்.

அடுத்த கண்ணி இதைவிட நுட்பமானது. 102-ஆம் எண்ணுக்கு 4,000 ரூபாய்க்கு ஒரு பில். இரண்டு தவணையாக 2,000, 2,000 வந்திருக்கிறது. இணைத்தால் இரண்டு வரிசை கிடைக்கும்; இரண்டிலும் பில் தொகை 4,000 என்றே இருக்கும். அப்படியே கூட்டினால் பில் 8,000, வரவு 4,000, பாக்கி 4,000! முழுக்கக் கட்டியவர் மறுபடியும் கடன்காரராகிவிடுகிறார். முதலில் வரவுகளைப் பில் வாரியாகக் கூட்டி ஒரே எண்ணாக்கிய பிறகே பில்லோடு இணைக்க வேண்டும்.

இதற்கெல்லாம் பெரிய செலவு வேண்டாம். 1992-இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் இன்றும் பல அலுவலகங்களில் ஓடுகிறது. லிப்ரே ஆபீஸுடன் இலவசமாக வரும் பேஸ் இருக்கிறது. ரிச்சர்ட் ஹிப் என்பவர் 2000-இல் வெளியிட்ட எஸ்க்யூலைட் ஒவ்வொரு ஆண்ட்ராய்டு கைபேசிக்குள்ளும் ஐபோனுக்குள்ளும் இருக்கிறது. அதில் முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பு. அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றின் மென்பொருள் வேலையில் பிறந்த யோசனை அது. 400 வீடுகளின் கணக்கு இருபது ஆண்டுக்குச் சேர்ந்தாலும் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. அந்தக் கோப்பின் நகல் ஒன்று கடைக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளம் தரைத்தளங்களுக்குள் புகுந்தபோது நோட்டு, கணினி என்று பார்த்து நனைக்கவில்லை.

கடினமான வேலை பழைய எக்செல்லை மாற்றுவதுதான். கட்டத்தில் ‘1500+2000’ என்றிருந்தால் அது இரண்டு வரவு. ‘கட்டிட்டாங்க’ என்று எழுதியிருந்தால் எவ்வளவு, எப்போது? தெரியாத தேதிக்கு ஏதோ ஒரு தேதியை இட்டு நிரப்பும் ஆசை வரும். வெறுமையாக விட்டு, ‘பழைய பதிவு’ என்று குறித்து வைப்பதே நேர்மை. மீதியை ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளிலும் வங்கி அறிக்கையிலும் தேட வேண்டும். நாலைந்து மாலைப்பொழுது பிடிக்கும். அந்த உழைப்பைத் தவிர்க்க வழியில்லை.

102-ஆம் எண்ணுக்கு அப்படித் தேடியபோது இரண்டும் கிடைத்தன. அடிக்கட்டையில் 2023 ஜூன் 14, ரொக்கம் 2,000. வங்கி அறிக்கையில் 2024 ஏப்ரல் 3, யு.பி.ஐ. 2,000, கூடவே அனுப்பியவர் தட்டியிருந்த குறிப்பு: ‘ஏஎம்சி 2023 பாக்கி’. நிதியாண்டு தொடங்கி மூன்றே நாளில் வந்த பணம் என்பதால், அன்று புதிதாக முளைத்திருந்த நெடுவரிசையில் அதை எழுதிவிட்டார்கள். இப்போது பங்கீடு அட்டவணையில் இரண்டு வரிசையும் ஒரே பில்லைக் காட்டுகின்றன. 2024 ஜூன் 14-க்குப் பிறகு அந்த வீட்டுக்குப் பில்லே போடப்படவில்லை.

அந்தப் பெண் மறுபடியும் போன் செய்கிறார்.

“அம்மா, அன்னிக்கு நான் சொன்னது தப்புங்க. உங்க பாக்கி ஒண்ணுமே இல்ல. ஏ.எம்.சி. ஜூன் 13-ஓட முடிஞ்சிருக்கு. புதுசாப் போடவாங்க?”